பிக்கப் வண்டிக்கு எந்த ஏர் இன்டேக்? பேப்பர் ஃபில்டர் முதல் ஸ்நார்க்கல் வரை

ஏர் இன்டேக் (இன்ஜினுக்குக் காற்று போகும் வழி) பற்றிய ஒரே கேள்வி மூன்று ஊர்களிலிருந்து மூன்று விதமாக வந்திருக்கிறது. கோயம்புத்தூர் வாசகர் கேட்கிறார்: "வி-கிராஸ் வாங்கி ஒரு வருஷம் ஆச்சு. பிக்கப் வண்டிதான், ஆனா பிக்கப் பத்தல. கோன் ஃபில்டர் போட்டா மேட்டுல இழுக்குமா?" கரூர்ப் பக்கம் கிரஷருக்குத் தினமும் போய்வருபவர்: "ஃபில்டர் சீக்கிரமே அடைச்சுக்குது. கழுவிக் கழுவிப் போடற ஃபில்டர் வாங்கிடலாமா?" தூத்துக்குடிக்காரர் முடிவே எடுத்துவிட்டார்: "2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவன் நான். ஸ்நார்க்கல் வைக்கப்போறேன், எது நல்லது?" (கோன் என்பது பெட்டி இல்லாமல் மாட்டும் கூம்பு வடிவ ஃபில்டர்; ஸ்நார்க்கல் என்பது காற்று உறிஞ்சும் வாயைக் கூரை உயரத்துக்குக் கொண்டுபோகும் வெளிக்குழாய்.)

மூவர் கையிலும் இருப்பது டர்போ டீசல் வண்டி. ஒருவருக்கு இழுவை வேண்டும், ஒருவருக்குத் தூசு தொல்லை, ஒருவருக்குத் தண்ணீர் பயம். கடையில் இந்த மூன்றுக்கும் "ஏர் இன்டேக் மாத்துங்க" என்று ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். ஒன்றுக்கு வாங்கிய சாமான் இன்னொன்றைக் கெடுக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை. இசுஸு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் வண்டிகளை மனதில் வைத்து எழுதுகிறேன். பொலேரோ பிக்கப், யோதா வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

## காற்று போகும் வழி

முன் மட்கார்டு பக்கமிருந்து உறிஞ்சும் குழாய், ஏர் பாக்ஸ், உள்ளே ஃபில்டர், அதைத் தாண்டியதும் காற்றை அளக்கும் எம்.ஏ.எஃப். சென்சார், பிறகு காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், கடைசியில் இன்ஜின். ஒரு லிட்டர் டீசலை எரிக்கக் குறைந்தது 10,000 லிட்டர் காற்று வேண்டும். டீசல் இன்ஜின் எப்போதும் தேவைக்கு மேலேயே காற்று இழுப்பதால், நிஜக் கணக்கு இதைவிட அதிகம். வி-கிராஸின் 1.9 லிட்டர் இன்ஜின் முழு வேகத்தில் சுற்றும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 6,000 லிட்டர் காற்றை விழுங்கும். அத்தனையும் அந்த ஒரு ஃபில்டர் வழியாகத்தான் போக வேண்டும்.

இழுவை பற்றிய கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. பெட்ரோல் இன்ஜினில் காற்றை அளந்து அதற்கேற்ப எரிபொருள் விடுகிறார்கள். டீசலில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் கூடுவது எரிபொருள். காற்று ஏற்கெனவே உபரியாக உள்ளே இருக்கிறது. எவ்வளவு டீசல் விடலாம், டர்போ எவ்வளவு அழுத்தம் கொடுக்கலாம் என்பதெல்லாம் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு.வில் எழுதிவைத்த எல்லை. காற்று வழியைக் கொஞ்சம் தளர்த்தினால், அதே அழுத்தத்தை டர்போ சற்றுக் குறைந்த உழைப்பில் கொடுக்கும். வி-கிராஸின் 163 பி.எஸ். திறன், 360 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையோ, ஆட்டோமேட்டிக் ஹைலக்ஸின் 204 பி.எஸ்., 500 நியூட்டன் மீட்டரோ அதனால் உங்கள் காலுக்குத் தெரியும்படி உயராது. யூடியூபில் இன்டேக் மாற்றிக் குதிரைத்திறன் ஏறுவதாகக் காட்டும் அமெரிக்க வீடியோக்களில் பெரும்பாலும் ஓடுவது பெரிய பெட்ரோல் வி8 டிரக்குகள். அந்தக் கணக்கை நம் டீசல் வண்டிக்கு அப்படியே போட முடியாது.

## எதை வைத்து எடை போடுவது

நான் வைத்துக்கொள்ளும் வரிசை இது.

தூசு. முதல் இடம் இதற்குத்தான், பெரிய இடைவெளியில். ஒரு ஃபில்டர் 99 சதவீதம் தூசைப் பிடிக்கிறது, இன்னொன்று 97 சதவீதம் என்றால் காதுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். 100 கிராம் தூசு வந்தால் முதல் ஃபில்டர் 1 கிராமை உள்ளே விடும், இரண்டாவது 3 கிராமை விடும். இன்ஜினுக்குள் போகும் மண் மூன்று மடங்கு. அது டர்போவின் இறக்கைகளில் மோதி, சிலிண்டர் சுவரில் உரசி, ஆயிலில் கலக்கிறது. எம்-சாண்ட், ஜல்லித் தூசு என்றால் கேட்கவே வேண்டாம், அது சிலிக்கா. ஃபில்டர் வாங்கும்போது ஏர் ஃபில்டருக்கான ஐ.எஸ்.ஓ. 5011 முறையில் சோதித்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். "ஹை ஃப்ளோ" என்று மட்டும் அச்சடித்த அட்டைப்பெட்டியை நம்பாதீர்கள்.

காற்றின் சூடு. வெளியே 35 டிகிரி, பானெட்டுக்குள் 65 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கொள்ளளவுக் காற்றில் உள்ள ஆக்சிஜன் சுமார் 9 சதவீதம் குறைந்துவிடும். இன்டர்கூலர் அதில் ஒரு பங்கை மீட்கும், முழுதாக அல்ல.

சென்சார். எம்.ஏ.எஃப். சென்சார் குழாயின் ஓரிடத்தில் ஓடும் காற்றை வைத்து மொத்தக் காற்றையும் கணக்கிடுகிறது. குழாய் விட்டம் மாறினாலும், உள்ளே சுழல் வந்தாலும், அதன் மேல் எண்ணெய் படிந்தாலும் கணக்கு தப்பும். பி.எஸ். 6 மாசு விதிப்படி வந்த வண்டிகளில், புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வு இந்த எண்ணைப் பார்த்தே திறந்து மூடுகிறது. காற்று அதிகம் என்று சென்சார் தவறாகச் சொன்னால் இ.ஜி.ஆர். கூடுதலாகத் திறக்கும், புகைக்கரி ஏறும், அந்தக் கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டி.பி.எஃப். சீக்கிரம் அடைக்கும். குறைவு என்று சொன்னால் புகை வராமல் இருக்க இ.சி.யு. டீசலைக் குறைத்துவிடும், இழுவைக்காகப் போட்ட சாமானே இழுவையைத் தின்றுவிடும்.

தண்ணீர். உறிஞ்சும் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது.

சட்டம், வாரண்டி, இன்ஷூரன்ஸ். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வண்டியின் மூலக் குறிப்புகளை மாற்றத் தடை போடுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஒரு லட்சம் கிலோமீட்டர் செலவு. விலைச்சீட்டில் உள்ள எண்ணோடு கிளீனிங் கிட், சென்சார், வேலைக்கூலி எல்லாம் சேர வேண்டும்.

## 1. கம்பெனி பேப்பர் ஃபில்டர்

பழைய சாமான் என்று எல்லோரும் ஒதுக்குவது இதை. மேலே சொன்ன வரிசையின் முதல் மூன்றிலும் மற்றவை பின்னால் நிற்க, முன்னால் நிற்பதும் இதுவே. நல்ல பேப்பர் ஃபில்டர் 99 சதவீதத்துக்கு மேல் தூசைப் பிடிக்கிறது. பெட்டியும் குழாயும் சென்சாரும் சேர்த்துச் சோதித்து வடிவமைத்தவை என்பதால் கணக்கு தப்பாது. வெளிக்காற்றை இழுப்பதால் சூடும் குறைவு.

இதைக் கெடுப்பது நாமே. நம் ஊரில் ஒவ்வொரு சர்வீஸிலும் ஃபில்டரை வெளியே எடுத்து, தரையில் தட்டி, கம்ப்ரஸர் வைத்து "ஏர் அடிச்சு" மறுபடி மாட்டுவார்கள். அந்த அழுத்தத்தில் காகித மடிப்பில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். இன்னொன்றும் உண்டு. லேசாகத் தூசு படிந்த ஃபில்டர் புதியதைவிட நன்றாக வடிகட்டும், படிந்த தூசே ஒரு சல்லடையாகிவிடுவதால். அடிக்கடி திறந்து சுத்தம் செய்வது அந்தச் சல்லடையைக் களைவதோடு, திறக்கும்போது விளிம்பில் நிற்கும் மண்ணைச் சுத்தமான பக்கத்தில் உதிர்த்துவிட்டும் போகும்.

எங்கள் வண்டியில் ஒருமுறை நேர்ந்தது. சர்வீஸ் முடித்து எடுத்து வந்து 4,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. வேறு வேலையாக ஏர் பாக்ஸைத் தொட்டால் ஒரு கிளிப் பாதிதான் மாட்டியிருந்தது. மூடியைத் தூக்கிப் பார்த்தேன். ஃபில்டரின் ரப்பர் விளிம்பில் ஒரு இடத்தில் மட்டும், விரல் நீளத்துக்கு, செம்மண் நிறத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டிலிருந்து உள்பக்கம் விபூதி தூவியதுபோல் மெல்லிய தூசு விசிறியாகப் பரவி, டர்போவுக்குப் போகும் குழாய்க்குள் நுழைந்திருந்தது. வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்தால் துணி காவியாயிற்று. ஃபில்டர் புத்தம் புதியது. எந்த ஃபில்டர் என்பதைவிட அது பெட்டியில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை அன்றிலிருந்து முதலில் பார்க்கிறேன். கீழே வரும் எந்தத் தேர்வுக்கும் இந்த வெள்ளைத் துணிச் சோதனையைச் செய்துபாருங்கள்.

எப்போது சரி: தார் ரோடு, நெடுஞ்சாலை, குடும்பப் பயணம், வாரம் ஒருநாள் தோட்டம். வாரண்டியில் உள்ள எந்த வண்டிக்கும்.

## 2. எண்ணெய் தடவிய காட்டன் டிராப்-இன்

கே அண்ட் என், பி.எம்.சி. போன்றவை. கம்பெனிப் பெட்டிக்குள் அப்படியே உட்காரும், கழுவி எண்ணெய் தடவித் திரும்பப் போடலாம். காற்று சற்றுத் தாராளமாக ஓடும். வடிகட்டும் திறனில் பேப்பரைவிட ஒரு படி கீழே.

"ஒரே தடவை செலவு" என்பதுதான் இதை விற்கும் வாசகம். கணக்குப் போட்டுப் பாருங்கள். காட்டன் ஃபில்டரின் விலை ஐந்து பேப்பர் ஃபில்டருக்குச் சமம் என்று வையுங்கள்; நீங்கள் 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பேப்பர் மாற்றுபவர் என்றால், போட்ட முதல் திரும்பி வருவதற்கே 1,00,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். கிளீனரும் எண்ணெயும் தனிச் செலவு. கழுவிய ஃபில்டர் நிழலில் முழுதாகக் காயும்வரை வண்டி நிற்க வேண்டும், அல்லது இன்னொரு ஃபில்டர் கையில் இருக்க வேண்டும்.

பெரிய மறைமுகச் செலவு எண்ணெயில் இருக்கிறது. குறைவாகத் தடவினால் தூசு புகும். தாராளமாக விட்டால் காற்றோடு போய் எம்.ஏ.எஃப். சென்சாரின் சூடான இழையில் படியும். பிறகு மேட்டில் வண்டி சோம்பும், சில நேரம் செக் இன்ஜின் விளக்கும் எரியும். அதற்கென்றே விற்கும் ஸ்பிரே போட்டால் பல நேரம் சரியாகும். ஆகாவிட்டால் புது சென்சார்தான். அந்த விலையில் பல வருஷத்துப் பேப்பர் ஃபில்டர் வந்துவிடும்.

எப்போது சரி: நெடுஞ்சாலையில் வருஷத்துக்கு நிறைய ஓட்டுபவர், தானே பொறுமையாகக் கழுவி அளவாக எண்ணெய் விடுபவர். கிரஷர் பக்கம் போகும் வண்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## 3. எண்ணெய் இல்லாத சிந்தெட்டிக் டிராப்-இன்

காட்டனின் எண்ணெய்த் தொல்லை இதில் இல்லை, சென்சார் பிழைத்தது. கழுவியும் போடலாம். ஆனால் தயாரிப்புக்குத் தயாரிப்பு தரம் பெரிதாக மாறுகிறது. சோதனை எண் எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். விளிம்பு ரப்பர் கெட்டியாக, வளையாமல் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பெட்டியோடு ஒட்டாது.

எப்போது சரி: கழுவிப் போடும் ஃபில்டர்தான் வேண்டும் என்று தீர்மானித்துவிட்டவருக்கு.

## 4. கோன் ஃபில்டரும் கோல்ட் ஏர் கிட்டும்

கம்பெனிப் பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு குழாயின் முனையில் கூம்பு வடிவ ஃபில்டரை மாட்டுவது. பானெட்டுக்குள் திறந்தபடி நிற்கும் கோனுக்குக் "கோல்ட் ஏர்" என்று பெயர் வைத்து விற்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. ரேடியேட்டரும் டர்போவும் சூடேற்றிய காற்றைத்தான் அது குடிக்கிறது. நம்பாதவர்கள் வண்டிக் கணினியின் எண்களை மொபைலுக்கு அனுப்பும் ஒரு ஓ.பி.டி. டாங்கிள் மாட்டி, மொபைலில் இன்டேக் வெப்பநிலையைப் பாருங்கள். சித்திரை மாத மதியம், சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றாலே போதும்.

இது தருவது சத்தம். டர்போ உறிஞ்சும் சீறல் காதருகே கேட்கும், வண்டி பாய்வதுபோல் இருக்கும். அந்தச் சத்தம் பிடிக்கும் என்பவரோடு எனக்குச் சண்டை இல்லை. இழுவை என்று நினைத்து வாங்காதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன். சென்சார் குழாயின் விட்டம் மாறினால் இ.ஜி.ஆர்., டி.பி.எஃப். சிக்கல்கள் தொடரும். டர்போ பழுதாகி வாரண்டிக்குப் போனால் முதல் கேள்வி இதைப் பற்றித்தான் வரும். மழைநீரும் எளிதாக ஏறும்.

மூடிய பெட்டி, மட்கார்டு பக்கமிருந்து தனிக் குழாய், கம்பெனி அளவிலேயே சென்சார் இடம், இவை மூன்றும் உள்ள கிட் வேறு விஷயம். டர்போவையே பெரிதாக்கி, இ.சி.யு.வை அதற்கேற்ப எழுதிய வண்டிக்கு அது தேவைப்படலாம்.

எப்போது சரி: போட்டிக்குத் தயாராக்கிய வண்டி. தினசரி ஓட்டும் பி.எஸ். 6 பிக்கப்புக்கு அல்ல.

## 5. ஸ்நார்க்கல்

தண்ணீருக்காகத்தான் என்று நினைக்கிறோம். ஆஸ்திரேலியாவில் மண் பாதையில் வரிசையாகப் போகிறவர்கள் இதைப் பொருத்துவதற்குத் தூசும் அதே அளவு காரணம். முன்னால் போகும் வண்டி கிளப்பும் தூசு சக்கர உயரத்தில் அடர்த்தியாகவும் கூரை உயரத்தில் மெலிந்தும் இருக்கும். வாயை மேலே கொண்டுபோனால் ஃபில்டருக்கு வரும் சுமையே குறைகிறது. இந்த ஐந்தில், ஃபில்டரை மாற்றாமலே ஃபில்டருக்கு உதவுவது இது ஒன்றுதான். லாரி, டிராக்டர்களில் காணும் சுழல் கிண்ணத்தை, அதாவது சைக்ளோன் ப்ரீ-கிளீனரை, ஸ்நார்க்கல் தலையில் பொருத்தினால் பெருமணல் ஃபில்டருக்கு வருமுன்பே சுழன்று வெளியே விழும். நெடுஞ்சாலை வேகத்தில் அது காற்றைத் தடுக்கும் என்பதால் தூசு இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

குறைகள் கனமானவை. மட்கார்டில் பெரிய ஓட்டை போட வேண்டும், பிறகு மூட முடியாது. வெட்டிய விளிம்பில் பிரைமரும் பெயின்டும் ஒழுங்காக அடிக்காவிட்டால், உப்புக்காற்று வீசும் ஊரில் சீக்கிரமே துரு ஏறும். வெளியே தெரியும் மாற்றம் என்பதால் 52-ஆம் பிரிவின் கேள்வி முதலில் எழுவதும் இதற்குத்தான். டீலர் வழியாக அங்கீகரித்த ஆக்ஸசரியாகக் கிடைக்கிறதா என்று எழுத்தில் கேட்டு, ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமும் சொல்லிவிட்டு இறங்குங்கள்.

சீல் இல்லாத ஸ்நார்க்கல் வெறும் அலங்காரம். குழாய் இணைப்புகளில் ஓட்டை, ஏர் பாக்ஸ் அடியில் தண்ணீர் வடியும் ரப்பர் வால்வு திறந்தபடி இருப்பது, இரண்டும் அடிக்கடி காணும் குறை. சோதனை எளிது. வண்டியை ஐடிலில் ஓடவிட்டு, தட்டையான பலகையால் ஸ்நார்க்கல் வாயை ஒரு கணம் மூடுங்கள் (கையை வைக்காதீர்கள்). இன்ஜின் திணறி அணைய வேண்டும். தொடர்ந்து ஓடினால் அது வேறெங்கிருந்தோ காற்று இழுக்கிறது. அங்கிருந்து தண்ணீரையும் இழுக்கும்.

எப்போது சரி: வாரத்தில் பல நாள் குவாரி, செங்கல் சூளை, மண் பாதை, அல்லது ஓடை கடந்தே போகவேண்டிய தோட்டம்.

## ஒரே பார்வையில்

| | தூசு | காற்றின் சூடு | சென்சார் ஆபத்து | தண்ணீர் | சட்டம், வாரண்டி | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|---|---|
| பேப்பர் | மிக நன்று | குறைவு | இல்லை | கம்பெனி அளவு | சிக்கல் இல்லை | அடிக்கடி மாற்றுவது |
| காட்டன் | சுமார் | குறைவு | உண்டு | கம்பெனி அளவு | சென்சார் பழுதானால் வாக்குவாதம் | கிட், எண்ணெய், சென்சார் |
| உலர் சிந்தெட்டிக் | தயாரிப்பைப் பொறுத்தது | குறைவு | குறைவு | கம்பெனி அளவு | பெரிதாக இல்லை | தரம் குறைந்ததில் மாட்டிக்கொள்வது |
| திறந்த கோன் | மோசம் | அதிகம் | அதிகம் | மோசம் | பெரிய சிக்கல் | டி.பி.எஃப்., டர்போ |
| ஸ்நார்க்கல் + பேப்பர் | மிக மிக நன்று | மிகக் குறைவு | இல்லை | சீல் சரியென்றால் நன்று | கேட்டுச் செய்ய வேண்டும் | ஓட்டை, துரு, வேலைக்கூலி |

## மூவருக்கும் பதில்

கோயம்புத்தூர் நண்பரே, கோன் வேண்டாம். ஊட்டி போகும்போது சோம்புகிறது என்றால், அந்த உயரத்தில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. எந்த ஃபில்டரும் அதைக் கொண்டுவராது. கீழேயே சோம்புகிறது என்றால் வேறு இடத்தில் தேடுங்கள். பெரிய டயர் மாற்றினீர்களா? விட்டம் கூடினால் ஒவ்வொரு கியரும் நீண்டுவிடும், முதலில் அடிவாங்குவது மேட்டு இழுவை. டர்போவிலிருந்து இன்டர்கூலர் போகும் ஹோஸில் ஆயில் கசிவோ வெடிப்போ இருக்கிறதா, பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா, சென்சாரில் அழுக்கா என்று ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் பணம் கோன் விலையில் ஒரு துண்டு.

கரூர் நண்பருக்கு: ஃபில்டர் அடைப்பது கெட்ட செய்தி அல்ல. அது வேலை செய்கிறது, அந்த மண் இன்ஜினுக்குள் போகவில்லை. கழுவும் ஃபில்டருக்கு மாறினால் சீக்கிரம் அடைக்காமல் இருக்கலாம்; அடைக்காமல் தப்பிய தூசு எங்கே போயிருக்கும் என்று யோசியுங்கள். பேப்பரிலேயே இருங்கள், மொத்தமாக வாங்கி வையுங்கள். அனுமதி கிடைத்தால் ஸ்நார்க்கலும் சைக்ளோனும் உங்களுக்குத்தான் முதலில் பொருந்தும். லாரி ஏர் கிளீனரில் அடைப்பு வந்தால் சிவப்புக் காட்டும் சிறு இண்டிகேட்டர் பார்த்திருப்பீர்கள். அதுபோல் ஒன்றைப் பெட்டிக்குப் பின்னால் பொருத்தினால், தேவையில்லாமல் திறந்து பார்க்கும் பழக்கம் நின்றுவிடும்.

தூத்துக்குடி நண்பருக்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நேரில் பார்த்தவர் நீங்கள். உங்கள் பயம் நியாயமானது. ஹைலக்ஸ் 700 மில்லிமீட்டர் ஆழம்வரை இறங்கலாம் என்று கம்பெனியே சொல்கிறது, அது நின்ற தண்ணீரில் மெதுவாகப் போவதற்கு. ஸ்நார்க்கல் இன்ஜினின் மூக்கை மட்டும் உயர்த்துகிறது. டிஃபரன்ஷியல், கியர் பாக்ஸ் பிரீதர்கள் (காற்று போய்வரும் சிறு துளைகள்), ஆல்டர்னேட்டர், வயரிங் எல்லாம் பழைய உயரத்திலேயே இருக்கின்றன. ஓடும் வெள்ளம் வண்டியையே தூக்கிவிடும். எப்போதாவது வரும் வெள்ளத்துக்காக மட்டும் என்றால், ஸ்நார்க்கலுக்கு முன் இன்ஷூரன்ஸில் இன்ஜின் புரொடெக்ட் சேர்த்துவிடுங்கள். சாதாரண பாலிசியில் தண்ணீர் புகுந்து கனெக்டிங் ராடு (பிஸ்டனோடு இணைந்த தண்டு) வளைந்த செலவைப் பொதுவாகக் கொடுப்பதில்லை. வெள்ளத்தில் வண்டி நின்றுவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். மறுபடி ஸ்டார்ட் செய்யும் அந்த ஒரு சுற்றில்தான் பல நேரம் ராடு வளைகிறது, கிளெய்ம் நிராகரிக்கப்படுவதும் பெரும்பாலும் அதற்காகவே. கயிறு கட்டி இழுத்து மேட்டில் விட்டு, ஏர் பாக்ஸைத் திறந்து ஃபில்டரைத் தொட்டுப் பாருங்கள். நனைந்திருந்தால் டோயிங் வண்டியைக் கூப்பிடுங்கள். உலர்ந்திருந்தாலும் ஆயில் டிப்ஸ்டிக்கை இழுத்து, நிறம் பால்போல் மாறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே சாவியைத் திருப்புங்கள்.